கண்ணாடிக்கு நேரே நின்றவள்

அவள் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் எந்த ஊரில் இருந்தாலும் கிளம்பி வந்து கன்னத்தில் ஒன்று வைப்பாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எங்கள் எதிர்வீட்டில் அவள் குடியிருந்த காலத்தில் கேபிள்காரன் அடி வாங்கியிருக்கிறான், தண்ணீர் லாரிக்காரன் வாங்கியிருக்கிறான், மாடிப்படியில் பெண்பிள்ளைகளை இடித்துக்கொண்டு போன மேல்வீட்டு மருமகன் செருப்பாலேயே வாங்கியிருக்கிறான். நான் ஒன்பதாவது வரை படித்தவள். முருகனை விட்டால் வேறு துணை தெரியாதவள். ஈ எறும்புக்குத் துன்பம் செய்யக்கூடாது என்று வளர்ந்தவள். அப்படிப்பட்ட எனக்கு எதிரே அவளைக் கொண்டுவந்து குடிவைத்தானே அந்த முருகன், அது எதற்கு என்று எனக்கு வெகுநாள் விளங்கவில்லை. என் மகள் இன்று உயிரோடு இருக்கிறாள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது நாங்கள் தெலுங்குச் சீமையில், பேகம்பேட்டில் பழைய விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்தோம். என் வீட்டுக்காரருக்கு விமான நிலைய வாசலில் டாக்சி பதிவு செய்யும் இடத்தில் வேலை. வாயைத் திறந்து பத்து வார்த்தை பேசினால் பெரிது. எதிர்வீட்டுக்கு அவள் வந்த அன்று சாமான்களுக்கு முன்னால் கட்டில் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி வந்தது. அதைத் தூக்கி வந்த ஆட்களில் ஒருவன் படியில் லேசாக இடித்துவிட்டான். தொட்டியைப் பத்திரமாக இறக்கிவைக்கச் சொன்னாள். வைத்தான். அப்புறம் பொளேர் என்று ஒரு அறை. அறைந்த கையோடு, "உக்காருல, காப்பி போடுதேன்" என்றாள். அவனும் உட்கார்ந்து குடித்துவிட்டுத்தான் போனான்.

தூத்துக்குடிக்காரி. நாற்பது வயது இருக்கும், கல்யாணம் இல்லை, நல்ல உயரம். ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பத்து முப்பது பேரை மேய்க்கிற வேலை. அங்கே யாரையும் அடிக்காமல் எப்படிச் சமாளித்தாளோ, அந்தக் கம்பெனிக்கே வெளிச்சம்.

தொட்டியில் கடல் தண்ணீர், அதில் சில மீன்கள், உயிருள்ள பவளம். எனக்குப் பவளம் என்றால் தாலிச்சரட்டில் கோர்க்கிற சிவப்பு மணிதான் தெரியும். அவள் வீட்டில் அது ரோஜாவும் ஊதாவும் பச்சையுமாகப் பூத்து ஆடியது. கிருத்திகைக்குச் செய்த சர்க்கரைப் பொங்கலைக் கொடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். "எவ்வளவு சாந்தமா இருக்கு. சாமி பூந்தோட்டம் மாதிரி" என்றேன்.

அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பூந்தோட்டமா? சண்டைக்களம்க்கா இது. இங்க வாங்க, குனிஞ்சு பாருங்க."

பச்சைப் பவளம் ஒன்று கண்ணுக்குத் தெரியாத மெல்லிய நூல்களை நீட்டி, பக்கத்தில் இருந்த ரோஜா நிறத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. தொட்ட இடமெல்லாம் சதை கரைந்து வெள்ளை எலும்பாக இருந்தது. "சுடுது. பக்கத்து வீட்டுக்காரன் எடத்தைப் புடிக்கதுக்கு. சத்தமே வராது பாத்துக்கிடுங்க. பாக்கவன் எல்லாம் அழகா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிருவான்" என்றாள்.

பொங்கலைக் கொடுக்க மறந்து வீட்டுக்கே திரும்பக் கொண்டுவந்துவிட்டேன்.

இன்னொரு தடவை அந்தத் தொட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று சுத்தியல் சத்தம் கேட்டது. கல்லோடு ஒளிந்து வந்த இறால் மாதிரி ஒரு பூச்சி. நத்தைகளை முட்டியால் குத்தி ஓட்டை உடைத்துத் தின்றுகொண்டிருந்தது. விரல் வைத்தால் விரலும் பிளக்கும் என்றாள். கல்லைத் தூக்கி அதைப் பிடித்தவள், கொல்லுவாள் என்று பார்த்தால், முதலில் படம் எடுத்தாள். "அடிக்கவன் மூஞ்சி தெளிவா விழணும்க்கா." அப்புறம் அதற்குத் தனியாக ஒரு சின்னத் தொட்டி வைத்து நத்தை வாங்கிப் போட்டு வளர்த்தாள். "இது நம்ம ஆளுல்லா" என்று பெருமை வேறு.

படம் எடுப்பதுதான் அவளுக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, கறுப்புச் சுடிதார் போட்டுக்கொள்வாள். வெள்ளை உடுத்தினால் கண்ணாடியில் நம் உருவமே விழுமாம். ஜன்னலை மூடி, விளக்கை அணைத்து, மின்விசிறியை நிறுத்தி, தண்ணீரைச் சுழற்றுகிற மோட்டாரையும் நிறுத்துவாள். "பவளத்துக்கும் மூச்சு இருக்கு, கால்மணிக்கு மேல நிறுத்தக்கூடாது" என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வாள். கறுப்புப் போர்வையைப் பிடித்துக்கொண்டு அவளுக்குப் பின்னால் நிற்பது என் வேலை. யார் எனக்கு அந்த வேலையைக் கொடுத்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. "எக்கா, வாங்க" என்பாள், போய்விடுவேன்.

தொட்டி வெளிச்சம் நீலமாக இருக்கும். அப்படியே எடுத்தால் எல்லாம் நீலமாகத்தான் விழும். அதனால் என் வீட்டு வெள்ளைப் பீங்கான் தட்டை வாங்கி அந்த வெளிச்சத்தில் காட்டி முதலில் அதை எடுப்பாள். "எது வெள்ளைன்னு காமிராவுக்குச் சொல்லிக் குடுக்கணும். இல்லேன்னா அது போக்குல பொய் சொல்லும்." பிளாஷ் போடவே மாட்டாள். ஒரு நாள் நான், "இருட்டா இருக்கே, பளிச்சுன்னு ஒரு வெளிச்சம் போட்டா என்ன?" என்று கேட்டுவிட்டேன்.

"முகத்துல அடிச்ச வெளிச்சத்துல காயம் மறைஞ்சிரும்க்கா. வெளிச்சம் மேலேருந்தோ பக்கத்துலேருந்தோ வரணும். நாம கண்ணாடிக்கு நேரே நிக்கணும். சாய்ஞ்சு நின்னு பாத்தா எதுவும் கோணலாத்தான் தெரியும்."

சரியான நேரத்தில் விமானம் ஒன்று எங்கள் மொட்டைமாடியை உரசுகிற மாதிரி இறங்கும். தொட்டித் தண்ணீர் நடுங்கும். பால்கனிக்கு ஓடி, "எங்கல எறக்குத, செத்த மூதி! என் தலையில எறக்கு!" என்று விமானத்தைப் பார்த்துக் கத்துவாள். பூந்தொட்டியைக்கூட ஒரு தடவை வீசினாள். கீழே வாட்ச்மேன் தலை தப்பியது அவன் பெண்டாட்டி செய்த புண்ணியம்.

இனி என் மகள் விஷயம். லிங்கம்பள்ளிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தோம். மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படிப்பு, நல்ல சம்பளம். வீட்டுக்காரரின் தூரத்து உறவில் ஒரு பெரியவர், ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அவர் முடித்துவைத்த சம்பந்தம். மாப்பிள்ளைக்கு அவர் தாய்மாமன். ஒரு நாள் காலையில் மகள் கைப்பையோடு வந்து நின்றாள். செருப்பில்லை. அவள் இந்த ஊரிலேயே படித்து வளர்ந்தவள், நான் தமிழில் கேட்டால் தெலுங்கிலோ இந்தியிலோதான் பதில் வரும். "என்ன கண்ணு?" என்றேன். "அடகொத்து மா, நக்கோ மா", கேட்காதே, வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். அன்று எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது முதுகில் தொட்ட இடத்தில் எல்லாம் சுருங்கினாள். லேப்டாப் சார்ஜர் வயரால் அடித்திருக்கிறான். ஆனால் அவள் என் நிறம், நல்ல கறுப்பு. குளியலறைக் குண்டு பல்பில் கைக்குத் தெரிந்தது கண்ணுக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் டாக்சிக்காரர் ஒருவரிடம் காமிரா வாங்கிவந்து படம் எடுத்தார். நான்தான் சேலையை விலக்கிப் பிடித்தேன். பெற்ற தகப்பன் அழுதுகொண்டே எடுத்தார். கழுவி வந்த படத்தில் முதுகு முழுக்க வெள்ளை வெளிச்சம் மினுங்கியது, வேறொன்றும் இல்லை.

தாய்மாமன் வந்து அந்தப் படங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தார். "என்ன மாப்ளே, தேச்சு வச்ச வெங்கலப் பானை மாதிரி பளபளன்னு இருக்கு முதுகு. இதுல அடி எங்கய்யா இருக்கு?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டார். "புள்ளை செல்லமா வளர்ந்துருச்சு. ஞாயித்துக்கிழமை அவனையும் கூட்டிட்டு வர்றேன். துணிமணி எடுத்து வைங்க, கூட்டிட்டுப் போயிருவோம்."

அவர் போனதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது. எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து படங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு எங்கள் சுவரில் ஓங்கி ஒரு குத்து விட்டாள். மாட்டியிருந்த காலண்டர் கீழே விழுந்தது.

"அனுப்பப் போறியளா?"

"நான் சஷ்டி விரதம் இருக்கேம்மா. அவன் புத்திய முருகன் மாத்துவான்."

"முருகன் சூரனுக்குப் புத்திமதியாக்கா சொன்னாரு?"

"கடைசியில அவனையும் மயிலாக்கித் தன்கிட்டத்தானே வச்சுக்கிட்டான்" என்றேன். எனக்கும் கொஞ்சம் பேசத் தெரியும்.

"ரெண்டாக் கிழிச்ச பொறவுதான்க்கா மயிலு!" என்றாள்.

நான் விழுந்த காலண்டரை எடுத்து ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலை என் மகளை எதிர்வீட்டுக்காரியின் படுக்கையறைக்குக் கூட்டிப்போனேன். விளக்கை அணைத்தாள். கிழக்கு ஜன்னலின் திரையை ஒரு சாண் மட்டும் விலக்கினாள். வெளிச்சம் முதுகின் ஓரத்திலிருந்து வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி பிள்ளையைத் திருப்பி உட்காரவைத்தாள். பீங்கான் தட்டைத் தோள்பட்டை ஓரமாக நான் பிடித்துக்கொண்டேன். முதலில் அதை எடுத்தாள். பிள்ளையிடம் ஒரு ஆறுதல் வார்த்தை இல்லை. "அசையாதட்டி. அழணும்னா அழு, குலுங்காம அழு." விமானம் இறங்கியது, கட்டடம் அதிர்ந்தது. பொத்தானில் விரலை வைத்தபடியே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். சத்தம் ஓய்ந்ததும் எடுத்தாள்.

காமிராவின் பின்பக்கம் சின்னத் திரையில் காட்டினாள். நான் பெற்ற முதுகு. வயரை மடக்கி அடித்த வளையங்கள், ஒன்றின்மேல் ஒன்று, பழசு மங்கலாக, புதுசு மேடாக. இடுப்புக்கு மேலே ஷூவின் அடிப்பாகம் கோடுகோடாக அப்படியே பதிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் வந்தார்கள். மாப்பிள்ளை மகளைப் பார்த்து, "ரெடியா?" என்று சினிமாவுக்குக் கூப்பிடுகிறவன் மாதிரி கேட்டான். மகள் கதவோரம் நின்று என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். நான் காப்பி வைத்தேன். அந்த நேரம் எதிர்வீட்டுக்காரி ஸ்டுடியோ உறையோடு உள்ளே வந்து, யாரும் கேட்காமலே, படங்களைக் காப்பி டம்ளர்களுக்கு நடுவே தரையில் பரப்பினாள். பெரிய பெரிய படங்கள்.

"இந்தம்மா யாரு?" என்றார் தாய்மாமன்.

"எதுத்த வீடு. படத்தைப் பாரும் ஐயா. பளபளன்னு இருக்கான்னு பாரும்."

பார்த்தார். அவர் கண் ஒவ்வொன்றாக நகர்ந்து ஒரு படத்தில் நின்றுவிட்டது. அதை எடுத்தார். இளஞ்சிவப்பாய்ச் சதை, அதில் ரூபாய்க்காசு அளவுக்கு உரிந்து வெள்ளையாக ஒரு ஓட்டை, ஓரமெல்லாம் வெந்த மாதிரி. "அடப் பாவி, தீயை வச்சுச் சுட்டிருக்கியேடா!" என்று மருமகன் மூஞ்சிக்கு நேரே நீட்டினார்.

"மாமா, சத்தியமா இது நான் பண்ணலை!" என்று அவன் எழுந்துவிட்டான். "சூடெல்லாம் வைக்கலை மாமா. வயர் மட்டும்தான். ஒரு தடவை கோவத்துல மிதிச்சேன், அவ்வளவுதான். இதை இவளே பண்ணிக்கிட்டு என் மேல போடறா!"

அவன் என்ன சொன்னான் என்பது அவனுக்கே அப்புறம்தான் உறைத்திருக்க வேண்டும்.

எதிர்வீட்டுக்காரி அந்தப் படத்தை வாங்கிப் பார்த்தாள். அவளுக்கே ஆச்சரியம். ஒரே காமிராவில் இருந்ததால் ஸ்டுடியோக்காரன் அவளுடைய பவளப் படம் ஒன்றையும் சேர்த்துக் கழுவிவிட்டான். "இது என் வீட்டுத் தொட்டியில எடுத்தது ஐயா. பவளம். இதைச் சுட்டது பக்கத்துல இருந்த இன்னொரு பவளம், பாவம் இவன் இல்லை. மத்ததெல்லாம் யாருன்னு இப்ப அவன் வாயாலயே சொல்லிட்டான்லா."

அவன் படங்களைப் பிடுங்கக் குனிந்தான். குனிகிறபோது குறுக்கே நின்ற என் மகளின் கையை முறுக்கித் தள்ளினான். எங்கள் கண்ணெதிரே. அது அவனுக்கு அவ்வளவு பழக்கம். எதிர்வீட்டுக்காரி சுவரில் சாத்தியிருந்த மடக்கு நாற்காலியை எடுத்ததை நான் பார்த்தேன். விலகச் சொல்ல நேரமில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. முதல் அடி தோளில். இரண்டாவது வாயில். முன்பல் ஒன்று காப்பி டம்ளருக்குள் விழுந்தது. ரத்தமும் காப்பியும் தரையெல்லாம். தாய்மாமன் நாற்காலியின் காலைப் பிடித்துத் தொங்கினார். "விடும் ஐயா! இன்னும் முப்பத்தியொண்ணு இருக்கு!" என்று கத்தினாள். என் வீட்டுக்காரர் கதவைத் திறந்துவிட்டார். அவன் கீழே ஓடினான்.

சற்று முன் மருமகனைப் பாவி என்ற அதே தாய்மாமன், தங்கை மகனின் ரத்தத்தைப் பார்த்ததும் மாறிவிட்டார். டாக்டர் சீட்டோடு அடிதடி புகார் கொடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ஸ்டேஷனில் எதிர்வீட்டுக்காரியைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்கள். நானும் மகளும் கூடவே உட்கார்ந்தோம். எதிர் பெஞ்சில் தாய்மாமனும், வாயில் பஞ்சோடு அவனும்.

மத்தியானம் சோறு எடுக்க வீட்டுக்குப் போனேன். தெருவில் டிரான்ஸ்பார்மர் வெடித்துக் காலையிலிருந்தே கரண்ட் இல்லையாம். அவள் கொடுத்து வைத்திருந்த சாவியால் எதிர்வீட்டைத் திறந்தேன். இன்வெர்ட்டர் செத்துக் கிடந்தது. தொட்டியில் ஒரு அசைவில்லை. மீன்களெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. மோட்டாரை நிறுத்தினால் மூச்சு முட்டும் என்று அவள் சொன்னது நினைவு வந்தது. சேலையைச் செருகிக்கொண்டு சொம்பால் தண்ணீரை மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினேன். முழங்கை வரை உப்பு. முருகா, முருகா என்று ஒவ்வொரு சொம்புக்கும் சொன்னேன். சாப்பிட வந்த வீட்டுக்காரர் ஒரு வார்த்தை கேட்காமல் சொம்பை வாங்கிக்கொண்டார். நான் ஸ்டேஷனுக்கு ஓடினேன். அந்தத் தொட்டி பிழைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த முட்டிக்காரப் பூச்சிகூடப் பிழைக்கவில்லை.

"கரண்ட் இல்லம்மா. மீனெல்லாம் மேல வந்துருச்சு" என்றேன்.

அவள் முகம் செத்துப்போனது. எழுந்தாள். கான்ஸ்டபிள் கையைக் காட்டி உட்காரச் சொன்னார்.

தாய்மாமன் கேட்டுக்கொண்டிருந்தார். விவரமான மனிதர். எஸ்.ஐ.யின் மேசைக்கு எழுந்து போய், "சார், ராஜியாப் போயிடறோம்" என்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். "பொண்ணை எங்ககூட அனுப்புங்க. இவன் புகாரை வாபஸ் வாங்கிருவான். இந்தம்மா இந்த நிமிஷமே வீட்டுக்குப் போயி மீனைக் காப்பாத்திக்கலாம். எல்லாருக்கும் நல்லது."

எஸ்.ஐ. நிதானமான மனிதர். அவர் அவளைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து அவளுக்குப் பிள்ளையில்லை, குட்டியில்லை, அந்தத் தொட்டிதான். உலகத்தில் எல்லாருக்கும் உத்தரவு போடுகிறவள், அன்று வாயைத் திறக்கவில்லை. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, என் மகளின் முகத்தை நேருக்கு நேராகப் பார்த்தாள். போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

என் மகள் எழுந்து நின்றாள். சேலை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தாள்.

"நேனு வெள்ளனு சார்" என்றாள். போகமாட்டேன் என்று. பிறகு தாய்மாமனைப் பார்த்து, அவள் வாயில் நான் கேட்டறியாத முழுத் தமிழில் சொன்னாள்: "ஒரு பல்லு போனதுக்கு அவன் கம்ப்ளெயிண்ட் குடுத்தான்ல மாமா? என் முதுகுக்கு நான் குடுக்கப் போறேன். போட்டோ எல்லாம் இருக்கு."

"அப்படிப் போடுட்டி!" என்று எதிர்வீட்டுக்காரி துள்ளி எழுந்தாள். எழுந்த வேகத்தில், சந்தோஷத்தில், பிள்ளையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். சரியாகப் புண்ணின்மேல்.

"அம்மாஆ!" என்று என் மகள் அலறிய அலறலில் ஸ்டேஷனே திரும்பியது. வாசல் கான்ஸ்டபிள் உள்ளே ஓடிவந்து, "ஏமைந்தி? ஏமைந்தி?" என்றார், என்ன ஆச்சு என்று. அக்கம்பக்கம் கேட்கக்கூடாது என்று மாப்பிள்ளை அவள் வாயில் துண்டைத் திணித்துவிட்டு அடிப்பானாம். அந்தப் பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகும், கால் கட்டிலில் இடித்துக்கொண்டால்கூட, கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்த பிள்ளை அவள். இப்போது பொத்தவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்ட, வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரியை விரலால் காட்டி, "கொட்டிந்தி சார்! நன்னு கொட்டிந்தி! அடிச்சுட்டாங்க சார், என்னை அடிச்சுட்டாங்க!" என்று தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே இருந்தாள்.